மாநிறப் பொண்ணுக்கு சினிமாவில் இடம் இல்லையா?

புளியறை:

தென்காசி மாவட்டத்தின் எல்லை ஊர் இது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. லாரிக்காரர்களுக்குத்தான் இந்தச் சாவடி தலைவலி என்று நினைக்க வேண்டாம். "பொண்ணைக் காணோம்" என்று பெற்றவர்கள் ஓடிவந்தால், பஸ்களில் ஏறிப் பார்ப்பதும் எல்லை ஊர்களில் நடக்கிற சங்கதிதான்.

காணாமல் போனவர்களுக்கு நோட்டீஸ் அடிப்பார்களே, அதில் நாலே வரி. வயது 16. உயரம் ஐந்தடி. நிறம் மாநிறம். பச்சை சுடிதார் அணிந்திருந்தாள். அவ்வளவுதான்! அவள் ஏன் போனாள், மனசில் என்ன இருந்தது? நோட்டீசில் இருக்காது. சினிமாவிலாவது இருக்குமா என்றால், அங்கே முதல் சிக்கலே நிறம்தான். மாநிறக் கதாநாயகி என்பது குதிரைக் கொம்பு.

எல்லாம் பையன் கதை

விடலைப் பருவத்துக் கதை தமிழ் சினிமாவுக்குப் புதுசு அல்ல. 1979-ல் பாலு மகேந்திரா "அழியாத கோலங்கள்" எடுத்தார். மூன்று பையன்கள், டீச்சராக ஷோபா. அருமையான படம்தான். ஆனால் பையன்கள் கண்ணால் பார்த்த உலகம்.

1981-ல் "அலைகள் ஓய்வதில்லை" வந்தது. பிராமணப் பையன், கிறிஸ்தவப் பொண்ணு. கடைசியில் பூணூலும் சிலுவையும் போகின்றன. கொட்டகையில் கைதட்டல்! அந்த முடிவை இன்றைக்கு எந்த டைரக்டராவது எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

2004-ல் "காதல்". மதுரை மெக்கானிக்கும் பள்ளிக்கூடப் பொண்ணும். சாதி என்ன செய்யும் என்று தோலுரித்துக் காட்டிய படம். பையன் பைத்தியமாகத் திரிவதைப் பார்த்து ஊரே அழுதது. நடுவில் அந்தப் பொண்ணு எப்படி நாளைத் தள்ளினாள்? படம் அதை வேகமாகத் தாண்டிவிட்டது.

2009-ல் "பசங்க". பெயரே பசங்க! 2015-ல் "காக்கா முட்டை". சென்னைக் குப்பத்துச் சிறுவர்கள் இரண்டு பேர். 2024-ல் மாரி செல்வராஜின் "வாழை". தார் சுமக்கும் சிறுவன். குப்பமும் வாழைத்தோட்டமும் திரைக்கு வந்துவிட்டன. சந்தோஷம். குறை சொல்ல மனசு வராத படங்கள். ஆனால் நடுவில் நிற்பவன் எப்போதும் பையன்.

பொண்ணு பெரிய மனுஷி ஆனால் சினிமாவில் என்ன நடக்கும்? குடிசை கட்டி, மஞ்சள் நீராட்டி, ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் கதை மாமன் மகன் பின்னால் போய்விடும்.

அத்திபூத்தாற்போல் 2025-ல் "பேட் கேர்ள்" வந்தது. எடுத்தவரும் ஒரு பெண், வர்ஷா பரத். பள்ளிக்கூட வயசிலிருந்து ஒரு பொண்ணின் கதை. ஜனவரியில் டீசர் வந்த உடனே எங்கள் சாதியைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று ஒரே கூச்சல். படம் வெளிவர செப்டம்பர் ஆகிவிட்டது. பையன் கெட்டால் அது வயசுக் கோளாறு. பொண்ணு கெட்டால் சாதிக்கே அவமானமா?

பச்சை மட்டும் போதுமா?

குற்றாலத்து அருவியும், இந்தப் பக்கத்து வயலும் சினிமாக்காரர்களுக்கு வெல்லக்கட்டி. 1992-ல் வந்த "ரோஜா"வின் நாயகிக்கு ஊர், பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். நடித்தவர் பம்பாய் மதுபாலா!

இங்கே உள்ள பிள்ளைகளைக் கொஞ்சம் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுளகை மடியில் வைத்து, அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றும் பிள்ளை. கடையநல்லூர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. மலையோரத்துப் பளியர் பிள்ளை. செங்கோட்டை வட்டாரம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அதனால் வீட்டில் மலையாளம், வெளியே தமிழ் என்று இரண்டு நாக்கோடு வளரும் பிள்ளையும் உண்டு. இவளுக்கெல்லாம் பதினாறு வயசு வரவே இல்லையா?

"யார் சார் பார்ப்பா?" என்பார்கள் படாதிபதிகள். மலையைத் தாண்டி எட்டிப் பார்க்கட்டும். 2019-ல் மலையாளத்தில் "தண்ணீர்மத்தன் தினங்கள்" வந்தது. பக்கத்து வீட்டு முகமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓஹோ என்று ஓடியது.

சாரல் விழுந்தால் இந்தப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். வயலோரம் கயிறு கட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பொண்ணுகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். ஷாட்டில் விழுந்துவிடக் கூடாதாம்!