பெயருக்கு உரியவர் எவர்?

ஹார்ட் ராக் எனப்படும் வல்லோசை இசையை விரும்பிக் கேட்போரிடையே நெடுநாளாய் ஒரு வாதம் நிலவி வருகிறது. தொடங்கியவர்கள் இருக்கும் வரையில்தான் அது குழு. அவர்கள் விலகியோ மறைந்தோ போனபின் அப்பெயரில் மேடையேறுவோர் போலிகள் என்பதே அவ்வாதம். இவ்விசை இன்பமா இரைச்சலா என்பது வேறு வழக்கு. அதனுள் நாம் புகவில்லை. ஆனால் 'அசல்' என்னும் ஒற்றைச் சொல்லை அளவுகோலாய் ஏந்திக்கொண்டு, பின்வந்தோரின் உழைப்பையெல்லாம் தள்ளுபடி செய்யும் போக்கை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழுவையே எடுத்துக்கொள்வோம். 1968இல் அது தோன்றியபோது பாடகர் ராட் எவன்ஸ். பேஸ் கிதார் வாசித்தவர் நிக் சிம்பர். மறு ஆண்டே அவ்விருவரும் நீக்கப்பட்டு, இயன் கில்லனும் ராஜர் குளோவரும் சேர்க்கப்பட்டனர். புதியவர்களுடன் மறைவில் ஒத்திகை நடந்துகொண்டிருக்க, பழையவர்கள் ஏதுமறியாது மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தனர். அச்செயல் அழகன்று. ஆயினும் 'இன் ராக்' (1970), 'மெஷின் ஹெட்' (1972) என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டுகள் அம்மாற்றத்திற்குப் பின் பிறந்தவை. ரசிகர்கள் எதை அசல் என்று போற்றுகிறார்களோ, அதுவே இரண்டாம் அணி! தம் அளவுகோலை அவர்கள் நேர்மையாகப் பயன்படுத்துவாராயின், தம் நெஞ்சுக்கு நெருங்கிய பாடல்களையே முதலில் தூக்கியெறிய வேண்டும். அதற்கு அவர்கள் ஆயத்தமா?

1973இல் கில்லனும் குளோவரும் விலகினர். துணிக்கடையில் பணிபுரிந்துகொண்டிருந்த, வெளியுலகம் அறியாத டேவிட் கவர்டேல் பாடகரானார். அடுத்த ஆண்டில் 'பர்ன்' வந்தது. அதைக் கேட்டபின்னும் அவரைப் போலியென்பார் உளரோ?

இனி, உண்மையான போலியைக் காண்போம். குழு 1976இல் கலைந்துபோயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1980இல், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் டீப் பர்ப்பிள் என்னும் பெயரில் ஒரு கூட்டம் நுழைவுச்சீட்டு விற்றது. அதில் பழைய உறுப்பினர் ஒருவரே இருந்தார். அவர் முதற்பாடகர் எவன்ஸ். ரசிகர்களின் அளவுகோற்படி அசலிலும் அசல்! கில்லனோ, ரிச்சி பிளாக்மோரோ அம்மேடையில் தோன்றமாட்டார்கள் என நாளிதழில் எச்சரிக்கை விளம்பரம் செய்யவேண்டி நேர்ந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 6,72,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. தாம் பாடிய பழைய இசைத்தட்டுகளின் உரிமைத்தொகையையும் எவன்ஸ் இழந்தார்.

அதே 1980இல் நிகழ்ந்த மற்றொன்றை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் மாண்டார். (அவரும் முதற்பாடகர் அல்லர்; 1974இல் டேவ் எவன்ஸின் இடத்திற்கு வந்தவர்.) பிரையன் ஜான்சன் என்னும் புதியவரைக் கொண்டு ஜூலைக்குள் 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது, மறைந்தவரின் நினைவாக அதன் உறை முழுவதும் கருமை பூண்டிருந்தது. முதல்வர் இருந்த இடத்தில் வஞ்சனை; முதல்வர் இல்லாத இடத்தில் வாய்மை. இவ்விரண்டையும் 'அசல்' என்னும் அளவுகோல் எவ்வாறு அளக்கும்?

குழுவின் பெயர் ஓர் அமானிதம் என்பதே நம் துணிபு. அது முதலில் தொட்டவனுக்கு எழுதிவைத்த ஆஸ்தியன்று. உடனுழைத்தோர் ஒப்பிக் கையளிக்க, பெற்றவன் புதிதாய் ஏதேனும் ஆக்கித் தருவானாயின், அப்பெயர் அவனுக்கும் உரியதே. பழைய பாடல்களை மட்டும் ஆண்டுதோறும் அரைத்துக் காசாக்குவோரை நாமும் ஆதரிக்கவில்லை. அவர்களிடையே தொடங்கியவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சேர்த்தே சொல்கிறோம்.

1984இல் மீண்டும் கூடிய டீப் பர்ப்பிளிலிருந்து 1993இல் பிளாக்மோர் பயணத்தின் நடுவே வெளியேறினார். அடுத்த ஆண்டு வந்த ஸ்டீவ் மோர்ஸ், நோயுற்ற மனைவியின் அருகிருக்கும் பொருட்டு 2022இல் விலகும் வரை, பிளாக்மோரினும் நெடுங்காலம் அங்கே கிதார் வாசித்தார். 2002இல் ஜான் லார்ட் தம் ஆர்கனை டான் ஏரியிடம் விட்டு விடைபெற்றார். சைமன் மெக்பிரைடு கிதாரேந்த 2024இலும் புதிய இசைத்தட்டு வந்தது. இத்தனை அணிகளிலும் மாறாதிருந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவரே.

2016இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் இக்குழுவைச் சிறப்பித்தது. எண்மர் பெயர் பொறிக்கப்பட்டது. 1980இன் மோசடி மேடையில் நின்ற எவன்ஸுக்கு அதில் இடமுண்டு. அவரோடு சேர்ந்து தொடங்கிய சிம்பருக்கு இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, அன்றும் குழுவில் இருந்த மோர்ஸுக்கும் இல்லை. தொடக்கம்தான் தகுதியென்றால் சிம்பர் எங்கே? உழைப்புதான் தகுதியென்றால் மோர்ஸ் எங்கே? எந்த அளவுகோலைக் கொண்டு அம்மண்டபத்தார் அளந்தனர் என்று நாம் வினவுகிறோம்.