மூச்சுக்குக் காவல்

‘வெண்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள்’ என்று யாரேனும் சொன்னால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அடுத்து வரும் செய்திக்கு மனத்தைத் தயார்ப்படுத்துகிறோம். ஆனால் நண்பர்களே, அந்த மூச்சுப்பொறியின் துணையோடு பத்தாண்டு, இருபதாண்டு வாழ்வோர் உண்டு. தசைச் சிதைவு நோயாலோ, கழுத்தில் தண்டுவடம் முறிந்ததாலோ அவர்களுடைய மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிட்டன, அறிவு ஓயவில்லை. அவர்களை ஏன் மருத்துவமனைக் கட்டிலோடு கட்டிப்போட வேண்டும் என்பதே என் கேள்வி.

பொறி இன்று சக்கர நாற்காலியில் அடங்கிவிடும். கிடைக்காதது மனிதத் துணைதான். கழுத்துக் குழாயில் சேரும் சளியை இரவும் பகலும் உறிஞ்சி எடுக்க வேண்டும். மின்சாரம் போய், மின்கலமும் தீர்ந்தால் மூச்சுப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்ட வேண்டும். இவை பயின்ற கைகளின் வேலை. எந்நேரமும் மருத்துவர் அருகில் நிற்கத் தேவையில்லை.

இதில் மாணவருக்கு என்ன வேலை என்று கேட்போர் 1952ஆம் ஆண்டின் கோபன்ஹேகனைப் பார்க்கட்டும். இளம்பிள்ளை வாதம் அந்நகரைச் சூறையாடியபோது, மூச்சுக்குழலில் துளையிட்டுக் காற்றூட்டும் வழியைப் பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் காட்டினார். பொறிகள் போதவில்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து அமர்ந்து, மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள்!

பத்தாண்டு கழித்து, 1962இல், எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் இரும்பு நுரையீரலுக்குள் படுத்து உறங்குபவர். விடுதி அதைத் தாங்காது. எனவே வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. சம்பளம் பெறும் உதவியாளர்கள் துணைநின்றார்கள். வேலைக்கு உதவாதவர் என்று அவரை முன்பு ஒதுக்கிய மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் இயக்குநரானார்.

நம் நாட்டிலோ? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த துணை தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 38ஆம் பிரிவில் கூறுகிறது. சட்டப் புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சளி எடுப்பவர் மட்டும் மனைவியாகவே இருக்கிறார். இந்நகரில் நான் அறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் அந்த அம்மையார் நான்கு மணிநேரம் சேர்ந்தாற்போல் உறங்கி இரண்டாண்டு ஆகிறது. இதைப் பாசம் என்று புகழ்ந்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன். ஏழை நாட்டுக்கு இது கட்டுமா என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒருநாட் செலவையும் மூன்று பணியாளரின் ஒருநாட் கூலியையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

அந்த வீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. குழாயினால் ஐயாவுக்குக் குரல் எழாது. பகலில் வரும் பணிப்பெண்ணுக்கு இந்திதான் தெரியும். கண் இமைத்து எழுத்துக் காட்டலாமென்றால், நம் எழுத்தோ 247! ஒவ்வொன்றாய்ச் சுட்டினால் பொழுது விடிந்துவிடும். ஆகவே அட்டையில் 18 மெய்யும் 12 உயிரும் மட்டும் எழுதினேன். முதலில் மெய்க்கு ஓர் இமைப்பு, பிறகு உயிருக்கு ஓர் இமைப்பு. (தொல்லிலக்கணம் இப்படியும் பயன்படுகிறது!) அவர் முதலில் சொன்ன சொல் ‘விசிறி’. மூன்று எழுத்து, ஆறு இமைப்பு. அறைக்குள் இருந்த நாங்கள் நால்வரும் அதுவரை அவருக்குக் குளிர்கிறது என்று எண்ணிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தோம்.

நம் சங்கம் கூலிப் பணியாளருக்கு மாற்றாகாது, ஆகவும் கூடாது. அரசுக்கு விண்ணப்பம் எழுதும் வேலையை நாம் ஏற்கலாம். வாரம் இரண்டு இரவு அந்த அம்மையாரை உறங்கவும் விடலாம். செவிலியர் ஒருவர் சளி எடுக்கவும் பை அமுக்கவும் கற்றுத்தர இசைந்திருக்கிறார். அவர் தேறினார் என்று சொன்ன பிறகே யாரும் தனித்து அமர்வர். ஆறு பேர் வேண்டும். இதுவரை என்னையும் சேர்த்து மூவர். மற்ற மூவர் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.