மின்குமிழுக்குள் இருக்கும் ஆகன்

இரத்தோட்டையில் என் வகுப்பில் பியூஸ் போன மின்குமிழ் ஒன்றைக் கையில் எடுத்துத்தான் ஆகன் வாயுவைச் சொல்லித் தருகிறேன். நாம் இழுக்கும் மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அது. மறை 186 பாகை செல்சியசுக்குக் குளிர்ந்தால் தண்ணீர்போல் தெளிந்த திரவமாகும். நியூத்திரினோ என்ற மின்னேற்றமில்லா நுண்துகள் மோதும்போது தெறிக்கும் துகள் அதனூடே பாயும்போது வழியெங்கும் இலத்திரன்களை உதிர்க்கும். மின்புலம் அவற்றைக் கம்பிகளுக்கு இழுத்துவர, போன தடம் படமாகிவிடும். நத்தை ஊர்ந்த சுவர் மாதிரி என்பேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

1977இல் பௌதிகவியலாளர் கார்லோ ருபியா முன்வைத்த யோசனை இது. இன்று அமெரிக்காவின் தென் டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கமொன்றின் 1.5 கிலோமீற்றர் ஆழத்தில், ஒரு தொட்டிக்கு 17,000 தொன் ஆகன் என்ற கணக்கில் 'டியூன்' என்னும் நியூத்திரினோ உணர்கருவி எழுகிறது.

எனக்கு நெருக்கமானது இன்னொரு தங்கச் சுரங்கம், இந்தியாவின் கோலார். வளிமண்டலத்தில் உருவாகும் நியூத்திரினோவை 1965இல் உலகில் முதலில் கண்ட இடங்களில் ஒன்று. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்காக மாத்தளைக்கு நடந்துவந்த அதே நூற்றாண்டில் அங்கே போனவர்கள்.

பாடத்திட்டம் எழுதுவோரே, உயர்தர பௌதிகவியலில் கோலாருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தோட்டப் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும்.