மாதர் பகுதி: பச்சிளங் குழந்தைக்குரிய இடைவேளை



சென்ற திங்கள் நமது சங்கக் கூட்டம் முடிந்த பின், இளந்தாய் ஒருவர் என்னிடம் தம் குறையைக் கூறினார். பேறுகால விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பியவர் அவர். ஏழு மாதக் குழந்தை அருகிலுள்ள காப்பகத்தில் இருக்கிறது. இடையே சென்று பாலூட்டிவர மேலதிகாரியிடம் அனுமதி கேட்கக் கூசி, பாலையே நிறுத்திவிட எண்ணியிருந்தார். "ஊரில் இருந்தால் அம்மா வழி சொல்லியிருப்பார், இங்கே யாரைக் கேட்பேன்?" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வு வேளை நீங்கலாக, நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தாய்க்கு அளித்தது. 50 பேரேனும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், ஓய்வு வேளை உட்பட நாளைக்கு நான்கு முறை தாய் அங்கே சென்றுவரலாம் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வுரிமைகள் இடம் பெற்றுள்ளன. பாலூட்டும் இடைவேளைக்காகச் சம்பளத்தைக் குறைத்தலும் ஆகாது.

பொது இடங்களில் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரி 19 அன்று உரைத்தது; அவ்விடங்களில் பாலூட்டும் அறைகள் அமையவும் வழிசெய்தது. நம் தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் 2015இலேயே அத்தகைய அறைகள் திறக்கப்பட்டமை நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் சிறு கடைக்கோ, நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கோ இவ்விடைவேளைச் சட்டம் எட்டுவதில்லை. அவள் குழந்தையும் பசித்தழும் குழந்தையே. நமக்கு வேண்டுமென்று கேட்கும் நேரத்தை அவளுக்கு நாமே மனமுவந்து அளித்தல் வேண்டும்.

உத்தியோகத்திலுள்ள சகோதரிகள் வாய்மொழியாகக் கேட்டுத் தயங்கி நிற்க வேண்டாம். குழந்தை பிறந்த தேதியையும் வேண்டும் வேளைகளையும் குறித்து விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கணவன்மார் உடனமர்ந்து எழுத உதவுவது அவர்தம் கடமை.

அவ்விளந்தாய் அன்றிரவே விண்ணப்பத்தை எழுதிவிட்டார். குழந்தைக்கு இன்னும் எட்டு மாதம் அவ்வுரிமை உண்டு.