மருந்துப் பெட்டியோடு மலைக்குப் போகிறவர்களுக்கு

திருச்சி மலைக்கோட்டைக்குப் போனவர்களுக்குத் தாயுமானவர் கதை தெரியும்.

பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. துணைக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் தவிக்கிறாள். நடுவே காவிரியில் வெள்ளம். கடந்து வர வழி இல்லை. அப்போது சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. அதனால் தாயும் ஆனவர் என்று பெயர் வந்தது. சுகப்பிரசவம் வேண்டிக்கொண்ட குடும்பங்கள் இன்றும் அந்தச் சந்நிதியில் வாழைத்தார் படைக்கின்றன.

இந்தக் கதையில் ஒரு செய்தி உண்டு. அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பது இல்லை. வந்தவர், குழந்தை பிறந்ததும் புறப்பட்டுவிடவில்லை. வெள்ளம் வடிந்து, பெற்ற தாய் வந்து சேரும்வரை கூடவே இருந்தார்.

மலைவாழ் மக்களுக்கு மருத்துவத் தொண்டு செய்யப் போகிற ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நம் பக்கத்து மலை

திருச்சிக்கு வடக்கே துறையூர். துறையூரைத் தாண்டினால் பச்சைமலை. அடிவாரத்தில் இருக்கும் சோபனபுரத்திலிருந்து சாலை வளைந்து வளைந்து மேலே ஏறி, டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகிறது. மேலே மரவள்ளியும் முந்திரியும் விளைகின்றன. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்கள் கேரளத்தவர்கள் அல்லர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவதும் தமிழ்தான்.

முன்பு இருந்த நிலை இன்று இல்லை. சாலை வந்திருக்கிறது. மலை மீதே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 108 ஆம்புலன்சும் வந்திருக்கிறது. ஆனாலும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. சாலையை எட்டவே நெடுந்தூரம் நடக்கவேண்டிய குடிசைகளும் உண்டு. இரவில் வலி எடுத்தால் அந்தத் தூரம் இரண்டு மடங்காகிவிடும்.

இப்படிப்பட்ட மலை ஊர்களுக்கு நகரங்களிலிருந்து டாக்டர்களும் மாணவர்களும் மருத்துவ முகாம் நடத்தப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுப் போகிறார்கள். கைக்காசும் செலவழிக்கிறார்கள். அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவேண்டும்.

முகாம் முடிந்து வேன் கீழே இறங்கிய பிறகு என்ன நடக்கிறது?

பத்து மாத்திரை போதுமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் குறைந்திருக்கிறது. முகாமில் அவளுக்கு ஓர் அட்டை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஓர் அட்டையில் 10 மாத்திரை. ஆனால் கர்ப்ப காலத்தில் தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிடவேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவத் துறையின் விதி. 10 போக மீதி 170க்கு அவள் யாரிடம் போவாள்?

பெரியவர் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. மாத்திரை தருகிறார்கள். பத்து நாளில் தீர்ந்துவிடும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சும்மா இருந்துவிடுவார். இரத்தக் கொதிப்பு வலி காட்டாத நோய். ஒருநாள் கையும் காலும் விழுந்த பிறகுதான் தெரியவரும். காசநோய் என்றால் பொதுவாக 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிடவேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

“வராமலே இருப்பதைவிட ஒரு நாளாவது வருவது மேல் அல்லவா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சொத்தைப் பல்லை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம். கண் மங்கிய பாட்டிக்கு ஒரே நாளில் கண்ணாடி கொடுக்கலாம். புரை இருப்பதைக் கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு அழைத்து வரலாம். இவற்றுக்கு முகாம் போதும். ஆனால் தாயையும் சேயையும் காப்பாற்ற ஒரு நாள் போதாது. தொடர்ந்து பார்க்கும் கண் வேண்டும்.

சித்திலிங்கியில் நடந்தது

தொடர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு சித்திலிங்கி. அங்கேயும் மலையாளி மக்கள்தான் பெரும்பாலோர். 1993ஆம் ஆண்டு டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதியர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கணவர் மயக்க மருந்து நிபுணர். மனைவி மகப்பேறு மருத்துவர். அதற்கு முன் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள்.

அவர்கள் போனபோது, அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்துகொண்டிருந்தன. ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரி வெகுதூரத்தில் இருந்தது.

ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த கூரைக் குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜை கிடையாது. மூன்று ஆண்டு அந்தக் குடிசையிலேயே வைத்தியம் பார்த்தார்கள். பிறகுதான் 10 படுக்கை கொண்ட கட்டடம் வந்தது.

அவர்கள் செய்ததில் முக்கியமானது வேறு. அந்த ஊர்ப் பெண்களையே அழைத்து, நர்ஸ் வேலையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரசவம் பார்க்கவும், ஆபரேஷனில் உதவி செய்யவும் அந்தப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். கிராமங்களில் உள்ள தாய்மார்கள் சிலருக்கும் பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கச் செய்தார்கள். வருகிற டாக்டர் ஒருநாள் போகலாம். ஊர்ப்பெண் ஊரிலேயே இருப்பாள் அல்லவா?

பலன் என்ன? 147 என்ற அந்த எண் ஆண்டுகள் செல்லச் செல்ல 20ஐ ஒட்டி இறங்கியது. ஒவ்வோர் ஆயிரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துக்கொண்டன.

ஸ்ரீரங்கம் கண்ட வழி

இது நமக்குப் புதிய யோசனை அல்ல. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. பக்தர்கள் வணங்கிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோயிலில் ஓர் ஆஸ்பத்திரியே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆரோக்கியசாலை என்று அதற்குப் பெயர். ஒய்சள மன்னர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. பிறகு படையெடுப்பில் அழிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டித் தன்வந்திரியை எழுந்தருளச் செய்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

அழிந்ததைத் திரும்பக் கட்டினார்களே, ஏன்? வைத்தியம் என்றால் அது நிலைத்து நிற்கவேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். திருவிழா நாளில் மட்டும் மருந்து கொடுத்தால் போதும் என்று நினைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

எல்லாரும் ரெஜி, லலிதா தம்பதியரைப்போல் மலையிலேயே குடியேற முடியுமா? முடியாது. நகரத்தில் வீடும் வேலையும் உள்ளவர்களிடம் அதைக் கேட்பதும் நியாயம் ஆகாது. ஆனால் சில காரியங்களைச் செய்யலாம்.

தொண்டு செய்யும் குழுவினர் ஆண்டுக்கு ஒரு மலை என்று சுற்றவேண்டாம். ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை போகட்டும்.

பார்த்த நோயாளிகளின் பெயரையும் நோயையும் நோட்டில் எழுதி, கீழே இறங்குமுன் அந்தப் பகுதியின் கிராம சுகாதார நர்சிடம் கொடுக்கட்டும். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதற்காக 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. முகாமில் கண்டுபிடித்த நோயாளியின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால், பதினோராம் நாளும் அவருக்கு மாத்திரை கிடைக்கும்.

டாக்டர் அல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. வசதி உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, மலையில் பிறந்த ஒரு பெண்ணை நர்ஸ் படிப்புப் படிக்கவைக்கலாம். கல்யாணத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் போதும்.

அந்தப் பெண் படித்து, தன் மலைக்கே திரும்பிப் போகிறாள் என்று வையுங்கள். ஒரு மழை இரவில் யாருக்கோ வலி எடுக்கிறது. பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது. கீழே இருந்து வண்டி வர நேரமாகும். அதுவரை பக்கத்தில் இருந்து கவனிக்க ஒருத்தி இருப்பாள்.

அடுத்த முறை மலைக்கோட்டையில் வாழைத்தார் படைக்கும்போது, அந்தப் பெண்ணின் படிப்புக்கென்று உண்டியலில் ஒரு தொகை தனியே எடுத்துவைப்போம். தாயுமானவர் கோபிக்கமாட்டார்.