பூங்காவில் நாய்களுக்கு வேலியிட்ட திடல் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பகுதிப் பூங்காவில் இருப்பது ஒரே நடைபாதை. முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர்கள், சறுக்குமரத்துக்கு ஓடும் பிள்ளைகள், நாயைப் பிடித்து வருவோர் என எல்லோருக்கும் அதுதான் வழி. வாய்த்தகராறு இல்லாத காலைப்பொழுது அரிது.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தச் செய்தி வந்த பிறகு இங்கே முதலில் வேலி கேட்டவர்கள் நாய் வளர்க்காதவர்கள்தான். இதை எழுதும் நானும் நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறவன்.

கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்பதில் தளர்வு கேட்கவில்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் அடைபட்ட நாய்க்கு ஓட இடமில்லாததால், விடியுமுன் ஆளில்லாத நேரம் பார்த்துச் சிலர் அவிழ்த்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஹைதராபாத் மாநகராட்சி 2018-இல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே 1.3 ஏக்கரில் பூங்கா அமைத்தது. எங்களுக்குப் பின்மதிலை ஒட்டி, உடைந்த ஊஞ்சல்கள் குவிந்து கிடக்கும் 10 சென்ட் இடம் போதும். ஆளுயரக் கம்பிவலை வேலியும், ஒன்றைச் சாத்திய பின்பே மற்றதைத் திறக்கும்படி இரட்டைக் கதவும் வேண்டும்; ஒற்றைக் கதவென்றால் ஒரு நாய் நுழையும்போது இன்னொன்று வெளியே பாய்ந்துவிடும். சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு தேவை. தரைக்கு பேவர் பிளாக் வேண்டாம், சித்திரை வெயிலில் பாதம் வெந்துபோகும். மண் தரையே நல்லது; ஆனால் நீர் வடியச் சரிவு அவசியம். ஐப்பசி மழையில் தேங்கும் நீரில் நாய்ச் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவ வழியாகும். ஒரு குழாய், மூடியுள்ள குப்பைத்தொட்டி, நிழலுக்கு இரண்டு புங்கை.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மாநகராட்சி உரிமம் பெற்ற நாய்களுக்கு மட்டுமே அனுமதி. அதைச் சரிபார்க்கும் வேலையைச் சங்கத்தினர் முறைவைத்துச் செய்வோம். தயவுசெய்து காவலாளியின் தலையில் கட்ட வேண்டாம். நாய் கழிப்பதை அள்ளுவது வளர்ப்பவர் பொறுப்பு. அள்ளாதவருக்கு மறுநாள் கதவு திறக்காது.

இந்தத் திடலைக் காரணம் காட்டிப் பூங்காவின் தெருநாய்களை விரட்டக் கூடாது என்பதையும் பதிவு செய்கிறோம். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதுபோல அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தால் போதும்.

மழைக்காலத்துக்கு முன் பொறியாளருடன் இடத்தை நேரில் பார்வையிடவும், வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து செலவை ஏற்கவும் வேண்டுகிறோம். ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். சரிவராவிட்டால் வேலியைப் பிரித்துப் பிள்ளைகளுக்கே இடத்தைக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: இட வரைபடம், குடியிருப்போர் கையொப்பப் படிவங்கள்