சரக்கும் போயிற்று! பணமும் போயிற்று!!

சரக்கைக் கொடுத்தால் பணம் வரும், பணத்தைக் கொடுத்தால் சரக்கு வரும் என்பது சந்தையில் கத்திரிக்காய் விற்கும் கிழவிகூட அறிந்த சங்கதியாகும். ஆனால் இன்டர்நெட் மூலம் நடக்கும் வியாபாரத்திலோ, சரக்கு போய்ச் சேர்ந்து, பணமும் வந்து, விற்றவர் அதைச் செலவும் செய்துவிட்ட பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து அப்பணம் அவர் கணக்கிலிருந்து திரும்பிப் போய்விடுவதுண்டு. இதற்குச் "சார்ஜ்பேக்" என்று பெயர்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர், அமெரிக்காவிலிருந்து கார்டு மூலம் பணம் கட்டியவருக்கு 3000 ரூபாய்ச் சேலை ஒன்றை அனுப்பினார் என்று வைத்துக் கொள்வோம். பிறகு கார்டுக்குச் சொந்தக்காரர் தமது பேங்கியிடம், "நான் வாங்கவே இல்லை" என்றோ, "சாமான் வந்து சேரவில்லை" என்றோ புகார் செய்கிறார். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை தவணை உண்டு. புகார் வந்ததும் பணம் திருப்பி எடுக்கப்படுகின்றது. அதன்மேல் தண்டக் கட்டணம் வேறு! சேலைக்கு 300 ரூபாய் லாபம் என்றால், போன முதலை மீட்கவே இன்னும் 9 சேலை விற்றாக வேண்டும். தபால் செலவுக்கும் தண்டத்திற்கும் அதற்கு மேலும் விற்க வேண்டும்.

வாங்குபவருக்கு இந்த உரிமையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய கம்பெனிகளின் தப்புக் கணக்கிலிருந்து ஏழை எளியவர்களைக் காப்பாற்றவே அமெரிக்காவில் 1974-ல் இதற்கென்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. நம் நாட்டிலும், பேங்கியின் தவறோ வாடிக்கைக்காரரின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஆசாமியால் பணம் களவு போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் பேங்கி 2017-ல் உத்தரவு போட்டிருக்கின்றது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. நாம் கேட்பதெல்லாம், திருடன் கொண்டுபோனதை யார் கொடுப்பது என்பதுதான்.

கார்டு நம்பரை மாத்திரம் வைத்துக்கொண்டு வாங்க முடியாதபடி, இரண்டாவது சோதனை ஒன்றும் வேண்டுமென்று இந்தியாவில் 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. அந்தச் சோதனை நடந்திருந்தால் திருட்டின் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த பேங்கியைச் சேரும். நடக்காவிட்டால் விற்றவர் தலையில் விழும். பூட்டில்லாத கதவை வைத்தவர் ஒருவர், பறிகொடுத்தவர் இன்னொருவர்! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இது தவிர, சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டே "வரவில்லை" என்று சொல்லும் யோக்கியர்களும் இருக்கின்றார்கள். விற்றவர் ருஜு அனுப்பினாலும், தீர்ப்புச் சொல்வது முகம் தெரியாத ஓர் ஆபீஸ். சில கம்பெனிகள், விற்றவர் ஜெயித்தாலும்கூடத் தண்டக் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. புகார்கள் அதிகமானால் கணக்கையே மூடி விடுகின்றார்கள். கொலைக் குற்றவாளிக்குக்கூட வாய் திறந்து பேச இடமுண்டு. இந்தச் சிறு வியாபாரிக்கு இல்லை.

உள்ளூர் மோசடியோ வேறு விதம். யுபிஐ மூலம் பணம் அனுப்பிவிட்டதாகப் போனில் ஒரு படத்தைக் காட்டிச் சரக்கைத் தூக்கிப் போகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாததுபோல், போனிலுள்ள படம் கல்லாப் பெட்டிக்கு உதவாது. தன் கணக்கில் பணம் ஏறியதைப் பாராமல் படத்தை நம்புவது மூடநம்பிக்கையே ஆகும். பணம் பெறுவதற்கு இரகசிய நம்பர் போடச் சொல்பவன் திருடன் என்பதிலும் சந்தேகம் வேண்டாம். பெறுவதற்கு அந்நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிக் கைமாறி மறைந்துவிடும்.

ஆகவே விற்கும் தோழர்கள், கட்டியது முதல் ஒப்படைத்தது வரை ஒவ்வொன்றுக்கும் ருஜு வைத்துக்கொள்ள வேண்டும். பேங்கிக் கணக்கில் தங்கள் கடைப் பெயர் விளங்கும்படி வரச் செய்ய வேண்டும். பெயர் புரியாமலே புகார் செய்யும் நாணயஸ்தர்களும் உண்டு. முன்பின் தெரியாதவர் திடீரென்று பெருந்தொகைக்கு அவசரப்படுத்தினால் விசாரிக்காமல் அனுப்பக் கூடாது.

ஆனால் தனி மனிதன் ஜாக்கிரதை மாத்திரம் போதாது. தீர்ப்புக்குக் காரணம் எழுத்தில் வேண்டும், ஜெயித்தவருக்குத் தண்டம் கூடாது, சோதனை செய்யாதவரே நஷ்டத்தை ஏற்கவேண்டும் என்று சிறு வியாபாரிகள் சங்கமாய்ச் சேர்ந்து கேட்க வேண்டும். நஷ்டப்பட்டவர், "என் தலைவிதி" என்று மூலையில் உட்காருவதைக் காண்கின்றோம். தோழர்களே! இது தலையில் எழுதிய விதியல்ல. கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் எழுதிய விதி. மனிதன் எழுதியதை மனிதன் திருத்த முடியும்.